பொட்டில்லாத சங்கு

போன வாரம் நம் சி.ஐ.டி. அம்மாளைக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் மூக்கை ஒட்டவைத்தபடி விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அப்படியே குனிந்து நிற்கிறாள். முதலில் அவளை நிமிர வைப்போம்.

சி.ஐ.டி. என்பது வீட்டில் வைத்த பெயர். வைத்தவர் கணவர். துவைக்கப் போடும் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட் விழுந்தால்கூட, எந்த ஊர், எத்தனை மணி என்று திருப்பிப் பார்ப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அவர் கட்சி. ஜன்னல் திரையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. ஓரம் ஒரு நூல் கோணினாலும் பிரித்துப் போட்டு மறுபடி தைப்பாள். அந்தக் கண் வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்ளுமா?

அவள் சந்தேகத்துக்கும் நியாயம் இருந்தது. கணவர் லிப்ட் மெக்கானிக். கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் தண்ணீரில் கையை விட்டு, காலிச் சங்குகளுக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளைப் பிடித்து வந்து, கூடத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி கட்டி வளர்ப்பது அவருடைய பைத்தியம். அப்படிக் குனிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு முதல் தடவையாக வலிப்பு வந்தது. முகம் தண்ணீருக்குள். தூண்டில் போட வந்த யாரோ ஒரு புண்ணியவான் பெல்ட்டைப் பிடித்து இழுத்ததால் நமக்கு இந்தக் கதை மிஞ்சியது.

டாக்டர் இரண்டு கட்டளை போட்டார். மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. ஆறு மாதம் வலிப்பு வராமல் இருந்தால்தான் மறுபடி லிப்ட் வேலை. அவள் தன் பங்குக்கு மூன்றாவது கட்டளை போட்டாள்: கடல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. அவரும் சரி என்றார்.

அந்த ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. சாயங்காலம் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை கணவர் லிப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நிற்பார். போடாவிட்டால் கம்பெனியில் புகார் போன் எடுக்கும் நாற்காலி. பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்வதைத்தான் டாக்டர் நம்புவார். ஆகவே கேள்வி அவளிடம்தான் வரும். பன்னிரண்டு மாடி ஆழத்துக்கு மேல் நிற்கப் போகிற மனிதருக்காக அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதுதான் இன்றைய பிரச்சினை.

அதற்காகத்தான் போன திங்கட்கிழமை ஒரு காரியம் செய்தாள். நாத்தனாருடைய சிவப்பு நகப்பூச்சை எடுத்தாள். நண்டுகளை ஒவ்வொன்றாகக் கரண்டியால் வெளியே எடுத்து, சங்கின் முதுகை ஒற்றித் துடைத்து, ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் திரும்ப விட்டாள். கணவர் திருட்டுத்தனமாகக் கடலுக்குப் போய்ப் புது நண்டு கொண்டு வந்தால், அதன் முதுகில் பொட்டு இருக்காது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

இன்று வெள்ளிக்கிழமை காலை. பாறைக்குப் பக்கத்தில் பெரிய சாம்பல்நிறச் சங்கு ஒன்று நடந்து போகிறது. பொட்டு இல்லை.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

"காபி ஆறுது," என்றார் சமையலறையிலிருந்து.

"ரெண்டு நாளா ஆற வெச்சுத்தானே குடிக்கறீங்க?"

"தூக்கத்துல நாக்கைக் கடிச்சிட்டேன்னு சொன்னேன்ல? சூடா வெச்சா எரியுது." டம்ளரோடு வந்தார். "என்ன, தண்ணி குறைஞ்சிருக்கா?"

"இது யாரு?"

அவர் குனிந்து பார்த்தார். தொட்டியில் இருக்கும் ஆட்களுக்கெல்லாம் அடுக்குமாடிவாசிகளின் பட்டப்பெயர்களைத்தான் வைத்திருந்தார். வாட்ச்மேன், செயலாளர், மூணாவது மாடி, மேனேஜர் என்று ஒரு சங்கமே உள்ளே இருந்தது.

"மேனேஜர். ஏன்?"

"மேனேஜருக்குப் பொட்டு இருக்கணுமே. இதுக்கு எங்க பொட்டு? யார் காதுல பூ சுத்தறீங்க? கடலுக்குப் போனீங்களா இல்லையா?"

"பொட்டா?"

விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பில் காபி தரையில் சிந்தியது. நாக்கு வேறு எரிந்திருக்க வேண்டும்; வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அடிப்பாவி! சங்குலயா பொட்டு வெச்ச? சங்கு அவன் உடம்பா? அது அவன் வீடு. உடம்பு பெருசானா வீடு பத்தாது, வேற வீட்டுக்குப் போயிடுவான். அடையாளத்தை வீட்டுக் கதவுல வெச்சிட்டு ஆளைத் தேடறியே!"

இடுக்கியை விட்டுப் பாறைக்குப் பின்னால் துழாவி, ஒரு காலிச் சங்கை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். முதுகில் சிவப்புப் பொட்டு, அவள் வைத்தது வைத்தபடி.

"இடது மீசை பாதி ஒடைஞ்சிருக்கு பாரு. மேனேஜரேதான். எண்ணிக்கோ."

எண்ணினாள். தலைகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"புதுச் சங்கு ஏது?"

"கடைத்தெருவுல அலங்காரச் சாமான் விக்கறாங்களே, அங்க வாங்கினேன்."

"சொல்லவே இல்லையே."

"சங்கு வாங்கினதுக்கெல்லாம் வாக்குமூலம் குடுக்கணுமா, சி.ஐ.டி. மேடம்?"

அவள் அசடு வழிந்தாள். முந்தானையால் காபியைத் துடைக்கப் போனவளை அவர் தடுத்து, தானே துணி கொண்டு வந்து துடைத்தார். துடைத்துக்கொண்டே, லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் விடும் மூச்சைக் கேட்டு ஆறு மாதம் ஆகிறது என்றார். திங்கட்கிழமை கேட்டுவிடலாம் என்றார். அப்போது அவர் குரலில் இருந்த ஆசை அவளுக்குக் கேட்டது. இப்படிப்பட்டவரைப் போய் வேவு பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

கடையில் அன்று வேலை ஓடவில்லை. ஓட்டல் அறைகளுக்கான திரைகளை மடித்துத் தைத்துக்கொண்டே மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'ஒண்ணும் வரலை டாக்டர், நல்லா இருக்காரு' என்று சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நேரிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மதியம் வீட்டுக்கு வந்தாள்.

அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். டாக்டருக்கு முன்னால் பளிச்சென்று உட்கார வேண்டுமாம். வீட்டில் காற்றுக்குழாயின் குமிழிச் சத்தம் மட்டும்.

"உங்களையும் சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க," என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் குனிந்தாள்.

மேனேஜர் புது வீட்டுப் பெருமையோடு கண்ணாடி ஓரமாக வந்து நின்றார். சங்கின் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு மரு ஒட்டியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மருவின் உச்சி பிளந்தது. உள்ளேயிருந்து இறகு மாதிரி ஒன்று வெளியே வந்து, தண்ணீரை அள்ளி, உள்ளே போனது. மறுபடி வந்தது. மறுபடி அள்ளியது.

கொட்டலசு. பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டே வாழும் ஜீவன். போன வருடம் இதே தொட்டிக்கு முன்னால் நின்று கணவர்தான் காட்டிக் கொடுத்தார். தண்ணீரை விட்டு எடுத்துக் காயப்போட்டால் செத்துப்போகும் என்று சொன்னதும் அவரே.

கடைத்தெரு அலமாரியில் தூசி படிந்து கிடந்த சங்கில் இது எப்படி உயிரோடு இருக்கும்?

சங்கு கடையிலிருந்து வரவில்லை; நேராகக் கடலிலிருந்து வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்குப் பிறகு வந்திருக்கிறது. காலையில் அந்தச் சிரிப்புச் சிரித்த மனிதர் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். தனியாகப் போகவும் வழியில்லை. வண்டி ஓட்ட அவருக்கு அனுமதி கிடையாது, பாறைப் பக்கம் பஸ்ஸும் போகாது. அப்படியானால் கூட்டிக்கொண்டு போனது யார்?

அந்த வீட்டில் வண்டி ஓட்டுகிற ஆள் ஒருத்திதான். பொட்டு வைத்த காலிச் சங்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நாத்தனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அண்ணனோடும் அண்ணியோடும் ஒரே வீட்டில்தான் வாசம். அண்ணன் என்றால் உயிர். அண்ணனுடைய நண்டுகள் என்றால் மட்டும் கூடத்தின் அந்தப் பக்கச் சுவரை ஒட்டியே நடப்பாள். பள்ளி விட இன்னும் நேரம் இருந்ததால், மதில் நிழலில் வேனை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி, இந்த நேரத்துல?"

அவள் பின்கதவு வழியாக ஏறினாள். மிதியடியில் மணல் இருந்தது. பின் இருக்கைக்கு அடியில் மூடி போட்ட பக்கெட் ஒன்று, வெளிப்பக்கம் உப்புப் பூத்து.

"மேனேஜர் புது வீட்டுக்குப் போயிருக்காரு. சங்கு கடல்லேருந்து வந்திருக்கு. யாரு கொண்டு வந்தது?"

நாத்தனார் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தாள். "நான்தான் அண்ணி. அண்ணன் பாவம், வீட்டுலயே அடைஞ்சு கெடக்காரேன்னு நானே போய் எடுத்துட்டு வந்தேன். அண்ணன் வரலை."

"தண்ணிக்குள்ள கையை விட்டா?"

"ஆமா."

அண்ணி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, சங்கை அவள் மடிக்கு நேராக நீட்டினாள்.

"ஐயோ!" நாத்தனார் துள்ளியதில் முழங்கை ஹாரனில் இடித்தது. மதில்மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன.

"காலிச் சங்குதான். இதுக்கே ஹாரன் அடிக்கறவ தண்ணியில கையை விட்டு எடுத்தியா?"

நாத்தனார் துடைத்த துணியைக் கீழே போட்டாள். பிறகு மளமளவென்று கொட்டினாள். புதன்கிழமை காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, அண்ணி கடைக்குப் போன பிறகு, அண்ணன் கெஞ்சினாராம். மேனேஜருக்கு வீடு பத்தவில்லை, வேறு சங்கு கிடைக்காவிட்டால் சின்ன நண்டுகளைப் பிடித்து இழுத்துக் கொன்றுவிடும் என்றாராம்.

"தனியா விடலை அண்ணி. அண்ணன் குனியறப்பல்லாம் பின்னாலேருந்து சட்டையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பட்டனே தெறிச்சுப் போச்சு."

கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் சட்டையைப் பிடித்து நிற்கும் நாத்தனாரை நினைத்தபோது, கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனது தப்பு. பொய் சொன்னது அதைவிடத் தப்பு. ஆனால் இரண்டும் வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்கிற தப்புத்தான். டாக்டரிடம் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அவள் இறங்கப் போனாள்.

இறங்கும்போதுதான் முன் இருக்கை கண்ணில் பட்டது.

அந்த வேனின் இருக்கை உறைகள் எல்லாம் அவள் தைத்தவை. நீலத்துணி, மஞ்சள் ஓரம். பின்னால் எல்லா இருக்கையிலும் உறை இருந்தது. முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் இல்லை. அடியிலிருந்த ரெக்ஸின் தெரிந்தது.

"இதோட உறை எங்க?"

"துவைக்கப் போட்டிருக்கேன்."

"இதை மட்டுமா?"

"பிள்ளைங்க தண்ணியக் கொட்டிட்டாங்க."

"முன் சீட்டுல பிள்ளைங்களை ஏத்தவே மாட்டேன்னு அன்னைக்கு ஒரு அம்மாகிட்ட சண்டையே போட்டியே."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

அண்ணி மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தாள். வலிப்பு வந்த அந்த முதல் நாள், ஆஸ்பத்திரியில் சிறுநீரில் நனைந்திருந்த கணவருடைய கால்சட்டையை அவள்தான் மாற்றினாள். கடித்துப் புண்ணாகியிருந்த நாக்கையும் பார்த்தாள். தூக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாராமே! காலையில் காது கொடுத்துக் கேட்டும் உறைக்கவில்லையே தனக்கு!

"எப்ப வந்துச்சு?"

"திரும்பி வர்றப்ப. ஓரமா நிறுத்தி ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். சீக்கிரமே அடங்கிடுச்சு அண்ணி. ஒரே தடவைதான். சத்தியமா ஒரே தடவை." அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட சொல்லாதீங்க அண்ணி. அந்தப் போன் எடுக்கற நாற்காலியில உட்கார வெச்சா அண்ணன் செத்தே போயிடுவாரு."

"கூண்டு மேல நிக்கறப்ப வந்தா?"

நாத்தனார் பிடித்திருந்த கையை விட்டாள். மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வந்து ஏறினார்கள்.

சாயங்காலம் அதே வேனில்தான் டாக்டரிடம் போனார்கள். கணவர் புது முடிவெட்டும் இஸ்திரி போட்ட சட்டையுமாக முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"இதோட உறை எங்கம்மா?"

"துவைக்கப் போட்டிருக்கேன் அண்ணா," என்றாள் தங்கை, சாலையைப் பார்த்துக்கொண்டே.

பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன நடிப்பு! உறை ஏன் இல்லை என்று தெரியாதவர் மாதிரி என்ன ஒரு நடிப்பு! காலையில் பொட்டைச் சொல்லிச் சிரித்ததும் இந்த வாய்தான். ஊமைக் கோட்டான் என்று இவரைத்தான் சொல்ல வேண்டும். அண்ணனும் தங்கையும் சேர்ந்து என்னென்ன பேசி வைத்திருக்கிறார்களோ!

டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணு இருக்கு. டாக்டரைப் பாத்துட்டு வந்து சொல்றேன். இப்ப கேக்காத."

கையெழுத்து வாங்கிய பிறகு சொல்வாராம். அவள் மனசு கல்லாகிவிட்டது.

பெயரைக் கூப்பிட்டார்கள். நாத்தனார் வெளியே நாற்காலியிலேயே இருந்துகொண்டாள். டாக்டர் அம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார், ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். எல்லாவற்றையும் கணவர் முதல்மார்க் வாங்குகிற பையன் மாதிரி செய்து காட்டினார்.

"வலிப்பு ஏதாவது வந்துச்சா?"

"இல்லை டாக்டர். ஒண்ணுமே இல்லை."

கண் சிமிட்டாமல் சொன்னார். டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

மேஜைக்கு அடியில் கணவருடைய முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆசைதான் அவளை உலுக்கியது. ஒரு வார்த்தை. 'இல்லை' என்றால் திங்கட்கிழமை இந்த வீட்டில் பழைய சிரிப்புத் திரும்பிவிடும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ கம்பெனியிலிருந்து போன் வரும். அந்தப் போனை எடுக்க அவளால் முடியாது. அவர் தன்னை வெறுத்தாலும் பரவாயில்லை, வெறுப்பதற்கு உயிரோடு இருக்கட்டும்.

"வந்துச்சு டாக்டர். புதன்கிழமை. இவர் தங்கச்சியோட வேன்ல."

முழங்கால் நின்றது.

கத்துவார் என்று நினைத்தாள். காட்டிக்கொடுத்துவிட்டாயே என்று பார்ப்பார் என்று நினைத்தாள். அவர் அப்படிப் பார்க்கவில்லை.

"என்ன சொல்ற நீ?" என்றார். "புதன்கிழமையா? கடலுக்குப் போனது நிஜம். அதைத்தான் வெளிய போய்ச் சொல்றேன்னேன். திரும்பி வர்றப்ப நான் தூங்கிட்டேன்."

"தூங்கினீங்களா?"

"ஆமா. அவதான் சொன்னா, குறட்டை விட்டுத் தூங்கினேன்னு. துணியெல்லாம் ஈரமா இருக்கேன்னு கேட்டதுக்கு, பிரேக் போட்டப்ப பக்கெட் தளும்பிடுச்சுன்னா. நாக்கு வலிக்குதேன்னு கேட்டதுக்குத் தூக்கத்துல கடிச்சிருப்பேன்னா..."

அவள் அந்த முகத்தில் பொய்யைத் தேடினாள். கோணல் தையலைத் தேடுகிற கண்ணோடு ஓரம் ஓரமாகத் தேடினாள். ஒரு இடத்திலும் இல்லை. நாள் பூராவும் தான் சந்தேகப்பட்டது தப்பான ஆளை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளப் போனாள்.

அவர் கையைக் கொடுக்கவில்லை. எழுந்துவிட்டார். எதையோ மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறவர் மாதிரி உதடு அசைந்தது. முகத்தில் இருந்த நிறம் வடிந்துகொண்டே வந்தது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

கணவர் கதவைத் திறந்தார். "உள்ள வாம்மா," என்றார், கோபமே இல்லாத குரலில்.

நாத்தனார் வேன் சாவியோடு உள்ளே வந்தாள். அண்ணியை ஒருமுறை பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"அண்ணன் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்த ஆறு மாசத்துல உன் வேன்ல நான் எத்தனை தடவை தூங்கினேன்?"